சொல்லும் சுரப்பி, கேட்கும் உடல்

ஒரே பசு அடுத்தடுத்த ஈற்றில் ஈன்ற இரண்டு காளைக் கன்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வளர விட்டார்கள். நான்காம் வயதில் அதன் திமில் மலைபோல் எழும்பியிருக்கிறது, கழுத்து தடித்திருக்கிறது, அறியாத ஆள் தொழுவத்துக்குள் கால் வைத்தால் தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறுகிறது. இன்னொன்றைக் காயடித்து வண்டியில் பூட்டினார்கள். அதற்குத் திமில் அடங்கியிருக்கிறது. நுகத்தடியைக் கண்டால் தானாகக் கழுத்தை நீட்டுகிறது. பிள்ளைகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து விளையாடுகிறார்கள்.

இரண்டும் தின்றது ஒரே வைக்கோல், குடித்தது ஒரே தொட்டித் தண்ணீர். பின்னங்கால்களுக்கு இடையே இருக்கும் ஒரு சிறு உறுப்பைச் செயலிழக்க வைத்தால், அங்கிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் திமில் ஏன் சிறுத்துப்போகிறது? குணம் ஏன் மாறுகிறது?

மாடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு நுட்பமும் தெரியும். மிக இளங்கன்றில் காயடித்துவிட்டால் கழுத்தும் தோளும் கனக்காது. நுகம் தாங்கும் வலு வராது. அதனால் உழவுக்கும் வண்டிக்கும் வேண்டிய மாட்டைக் கொஞ்சம் வளரவிட்டுத்தான் காயடிப்பார்கள். அதாவது செய்வது ஒரே காரியம். செய்யும் வயதைப் பொறுத்து விளைவு வேறாகிறது.

தொழுவத்தில் கிடைத்த இந்த இரண்டு அறிவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். பாலியல் ஹார்மோன்கள் மனித உடலையும் மனத்தையும் எப்படிச் செதுக்குகின்றன என்ற பெரிய கேள்விக்குள் நுழைந்துவிடலாம்.

நரம்பா, ரத்தமா?

தூரத்தில் இருக்கும் உறுப்புக்குச் செய்தி போக இரண்டு வழிகள்தான் உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் எண்ணினார்கள். ஒன்று நரம்பு, மற்றொன்று ரத்தம். எது என்று முடிவுசெய்யச் சேவல்களைத் தேர்ந்தெடுத்தார் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் இருந்த ஆர்னால்டு பெர்த்தோல்டு. விரை நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை வளராது, அது கூவாது, சண்டைக்கும் போகாது, கோழியைத் துரத்தவும் செய்யாது.

அவர் எடுத்துக்கொண்டது ஆறே ஆறு சேவல்கள். சிலவற்றின் விரைகளை முழுவதுமாக நீக்கிவிட்டார். வேறு சிலவற்றில் விரையை அதன் இடத்திலிருந்து அறுத்தெடுத்து, வயிற்றுக்குள் குடலருகே வைத்துத் தைத்தார். நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. நரம்புதான் வழி என்றால் இந்தச் சேவல்களும் அடங்கிப்போயிருக்க வேண்டும். ஆனால் அவை கொண்டை சிவக்க வளர்ந்தன, கூவின, சண்டையிட்டன. பிறகு அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரை குடலோடு ஒட்டிக்கொண்டு, புதிய ரத்தக் குழாய்களோடு உயிர்ப்புடன் இருந்தது. நரம்பு எதுவும் அதனுடன் சேரவில்லை. விரை எதையோ ரத்தத்தில் கலக்கிறது, அந்த ரத்தம் உடல் முழுவதும் சென்று வேலை செய்கிறது என்று 1849இல் எழுதினார் பெர்த்தோல்டு.

அந்த ‘எதையோ’ என்பதற்கு ஒரு பொதுப்பெயர் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் ‘ஹார்மோன்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தூண்டி இயங்கவைப்பது என்பது அதன் கிரேக்க வேரின் பொருள். தமிழில் ‘இயக்குநீர்’ என்கிறோம். மூலச்சொல்லின் பொருளை அப்படியே தாங்கும் அழகான ஆக்கம் அது.

அந்தப் பொருளைக் கையில் பிடிக்க நடந்த பாடு பெரும்பாடு. 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோக்கும் அவருடைய மாணவரும் சுமார் 18 கிலோ காளை விரைகளை அரைத்து, வடித்து, கடைசியில் 20 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஒரு சாற்றைப் பெற்றார்கள். அதில் சரக்கு இருக்கிறதா என்று சோதிக்க அவர்களிடம் இருந்த அளவுகோலும் சேவல்தான். விரை நீக்கிய சேவலுக்கு அந்தச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள், கொண்டை வளர்ந்தது. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கெயர் குழுவினர் காளை விரையிலிருந்து தூய படிகமாக அதைப் பிரித்து ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டில் அடால்ஃப் பூட்டனான்ட்டும் லியோபோல்டு ருசிக்காவும் கொலஸ்டிராலில் தொடங்கி அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள். வேதியியலுக்கான 1939ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்த இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒரே மாவு, பல பண்டம்

கொலஸ்டிராலா என்று வியப்பாக இருக்கலாம். மாரடைப்புக்கு அஞ்சி ரத்தப் பரிசோதனையில் நாம் எண்ணிப் பார்க்கும் அதே கொழுப்புப் பொருள்தான். அரைத்து வைத்த ஒரே மாவிலிருந்து இட்லியும் தோசையும் பணியாரமும் வருவதுபோல், கொலஸ்டிராலிலிருந்துதான் எல்லாப் பாலியல் இயக்குநீர்களும் வருகின்றன. நொதிகள் என்னும் புரதங்கள் அதில் ஓர் அணுவைச் சேர்க்கும், வேறொன்றைக் கழிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு புதுப் பொருள் பிறக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு படி உண்டு. ‘பெண் ஹார்மோன்’ என்று நாம் சொல்லும் ஈஸ்டிராடையால், ‘ஆண் ஹார்மோன்’ என்று சொல்லும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான் உருவாகிறது. அரோமட்டேஸ் என்ற நொதி கடைசி மாற்றத்தைச் செய்கிறது. பெண்ணின் சூலகம் முதலில் டெஸ்டோஸ்டிரோன் வகைப் பொருள்களான ஆண்ட்ரோஜென்களைச் செய்து, பிறகே அவற்றை ஈஸ்டிராடையால் வகையான ஈஸ்டிரோஜெனாக மாற்றுகிறது. மாதத்தின் பெரும்பாலான நாட்களில் ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்டிராடையாலைவிட டெஸ்டோஸ்டிரோனே அதிகம். ஆணின் உடலிலும் ஈஸ்டிரோஜென் உருவாகிக்கொண்டே இருக்கிறது.

அது ஆணுக்கு எதற்கு? 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை பதில் சொன்னது. 28 வயது இளைஞர் ஒருவர் மருத்துவரிடம் வந்தார். உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். பதின்பருவ முடிவில் மூடிவிட வேண்டிய எலும்பு முனைகளின் வளர்ச்சித் தகடுகள் அவருக்குத் திறந்தே கிடந்தன. எலும்பின் உறுதியும் குறைவு. டெஸ்டோஸ்டிரோனில் குறையில்லை. ஈஸ்டிரோஜெனும் ரத்தத்தில் நிறையவே இருந்தது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க வேண்டிய மூலக்கூறு அவர் உடலில் பழுதுபட்டிருந்தது. ‘வளர்ந்தது போதும்’ என்று ஆணின் எலும்புக்கும் சொல்வது ஈஸ்டிரோஜென்தான் என்று அப்போது உறுதியாயிற்று.

ஆகவே ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்ற பெயர்கள் பேச்சுக்கு வசதியானவை, அவ்வளவுதான். இருபாலருக்கும் எல்லாமே உண்டு. வேறுபடுவது அளவும் காலமும்.

தண்டோரா

கேட்க வேண்டிய மூலக்கூறு என்று சொன்னேனே, அதுதான் இந்தக் கதையின் மையம். அதற்கு ‘ஏற்பி’ என்று பெயர்.

முன்பெல்லாம் ஊரில் தண்டோரா போடுவார்கள். பறையோசை எல்லாத் தெருவுக்கும் கேட்கும். ‘நெல் அளக்க வாருங்கள்’ என்றால், நெல் வைத்திருப்பவர்தான் எழுந்து வருவார். மற்றவர் தம் வேலையைப் பார்ப்பார். இயக்குநீரும் அப்படித்தான். ரத்தத்தில் கலந்தபின் உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லா இடத்துக்கும் போகிறது. கொழுப்பின் வழிவந்த பொருள் என்பதால் செல்லின் உறையைத் தடையில்லாமல் கடந்து உள்ளேயும் நுழைகிறது. ஆனால் அதற்குரிய ஏற்பி உள்ள செல்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த ஏற்பி, மரபணுக்கள் இருக்கும் கருவுக்குள் சென்று, சிலவற்றை விழிக்கவைக்கும், சிலவற்றை உறங்கவைக்கும்.

எந்த மரபணு விழிக்கும் என்பது அந்தச் செல்லின் வரலாற்றைப் பொறுத்தது. இதற்குச் சான்று பல ஆண்களின் முகத்திலேயே இருக்கிறது. ஒரே ஆண்ட்ரோஜென் தாடையில் தாடியை அடர்த்தியாக்குகிறது. உச்சந்தலையில் முடியை மெலியவைத்து வழுக்கையாக்குகிறது. இரண்டு இடத்திலும் இருப்பவை மயிர்க்கால்கள்தாம், வந்த செய்தியும் ஒன்றுதான். செய்தி கேட்டவர்கள் வேறு.

கருவறைக்குள் இரு பாதை

இப்போது தாயின் கருப்பைக்குள் போவோம். கருவுக்கு ஆறு வாரம் ஆகும்வரை, குரோமோசோம் எக்ஸ்-எக்ஸ் ஆக இருந்தாலும் எக்ஸ்-ஒய் ஆக இருந்தாலும், உடலமைப்பில் வேறுபாடு தெரியாது. விரையாகவோ சூலகமாகவோ மாறக்கூடிய ஒரு பொது மொட்டு இருக்கும். அதன் அருகே இரண்டு இணைக் குழாய்கள் ஓடும். ஒன்று உல்ஃப் குழாய்; நிலைத்தால் விந்து செல்லும் வழியாகும். மற்றொன்று முல்லர் குழாய், நிலைத்தால் கருப்பையாகும். எல்லாக் கருவுக்கும் இரண்டும் உண்டு.

ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறது. 1990இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேஜ் ஆகியோரின் குழுக்கள் அதை அடையாளம் கண்டன. அது விழித்தால் மொட்டு விரையாகிறது. அதோடு மரபணுவின் நேரடி வேலை பெரும்பாலும் முடிந்தது. மீதியை இயக்குநீர்கள் ஏற்றுக்கொள்கின்றன.

இதை எப்படி அறிந்தோம்? 1940களில் பிரான்சில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் ஒரு நுட்பமான அறுவையைச் செய்தார். முயலின் வயிற்றில் வளரும் கருக்குட்டியிலிருந்து, பால் வேறுபாடு தொடங்கும் முன்பே, பாலுறுப்பு மொட்டை நீக்கிவிட்டு, குட்டியை மீண்டும் தாய்க்குள் வளரவிட்டார். பிழைத்த குட்டிகள், எந்தக் குரோமோசோம் கொண்டவையானாலும், பெண் உடலோடு வளர்ந்திருந்தன. பிறகு மொட்டை நீக்கிய இடத்தில் ஆண்ட்ரோஜென் படிகம் ஒன்றை வைத்துப் பார்த்தார். உல்ஃப் குழாய் நிலைத்தது. ஆனால் முல்லர் குழாயும் மறையாமல் இருந்தது. விரையையே வைத்தால்தான் முல்லர் குழாய் மறைந்தது. அப்படியானால் விரை இரண்டு செய்திகளை அனுப்புகிறது என்று ஊகித்தார் ஜோஸ்ட். ‘இதைக் கட்டு’ என்பது டெஸ்டோஸ்டிரோன். ‘அதைக் கலை’ என்பது வேறொரு பொருள். அந்த இரண்டாவது பொருள் பின்னர் பிடிபட்டது. முல்லர் எதிர்ப்பு இயக்குநீர் என்று அழைக்கிறார்கள்.

இதை வைத்து, எந்தச் செய்தியும் வராவிட்டால் உடல் தானாகப் பெண்ணாகிவிடும் என்று நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். அது முழு உண்மையாகாது. சூலகம் உருவாகவும் அதற்கென மரபணுக்கள் உழைக்க வேண்டும். பெண் எலிக்கருவில் உல்ஃப் குழாய் தானாக மறைவதில்லை, அதை அகற்றவே ஒரு புரதம் வேலை செய்கிறது என்று 2017இல் கண்டறிந்தார்கள். பெண் உடலும் கட்டப்படுவதுதான்.

மீண்டும் தொழுவத்துக்கு வருவோம். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடேரி, பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். அதைச் சினைக்கு விட்டுப் பயனில்லை. 1916இல் அமெரிக்க உயிரியலாளர் ஃபிராங்க் லில்லி இதன் காரணத்தை விளக்கினார். மாட்டின் இரட்டைக் கருக்களுக்கு நஞ்சுக்கொடியில் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளைக் கருவின் செய்திகள் தங்கையின் உடலுக்குள்ளும் பாய்ந்து, அவளுடைய சூலகத்தையும் கருப்பையையும் வளரவிடாமல் செய்கின்றன. பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தை நம் வீட்டில் பிரித்துப் படித்ததுபோல.

காது கேளாதபோது

மனிதரில் இத்தகைய சோதனையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இயற்கை சில வேளைகளில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் மாற்றிவிடுகிறது. அந்த மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து நாம் நிறையக் கற்றிருக்கிறோம். அந்தக் கடனை மறக்காமல்தான் இதைப் படிக்க வேண்டும்.

பூப்பெய்தும் வயது கடந்தும் மாதவிடாய் வராத ஒரு பெண்ணை மருத்துவரிடம் அழைத்துவருகிறார்கள். வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை, மார்பகம் வளர்ந்திருக்கிறது. சோதித்தால் கருப்பை இல்லை, குரோமோசோம் எக்ஸ்-ஒய். வயிற்றுக்குள் விரைகள் இருக்கின்றன, அவை ஆணுக்குரிய அளவில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ஆண்ட்ரோஜென் ஏற்பி மட்டும் வேலை செய்யவில்லை. தண்டோரா ஓங்கி ஒலிக்கிறது, ஊரே செவிடு. வந்த டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்டிரோஜெனாக மாறுகிறது. அதன் ஏற்பி நன்றாக இருப்பதால் உடல் பெண்ணுடலாக வளர்கிறது. முல்லர் எதிர்ப்பு இயக்குநீருக்கு வேறு ஏற்பி. அதுவும் நன்றாக இருப்பதால் கருப்பை உருவாகவில்லை. ஜோஸ்ட் முயலில் கண்ட இரண்டு செய்திகளும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘முழு ஆண்ட்ரோஜென் உணர்வின்மை’ எனப்படும் இந்த நிலையில் பிறப்பவர்களில் ஏறத்தாழ எல்லோரும் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்து, பெண்ணாகவே வாழ்கிறார்கள்.

இன்னொரு கண்ணி அறுந்த கதை கரீபியக் கடலின் டொமினிக்கன் குடியரசில், சாலினாஸ் என்ற ஊரில் நடந்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தைகள்போல் தோன்றினார்கள், பெண்ணாகவே வளர்க்கப்பட்டார்கள். பருவ வயதில் குரல் உடைந்தது, தசை திரண்டது, ஆணுறுப்பு வளர்ந்தது. ஊர்மக்கள் அவர்களை ‘குவேவெதோசெஸ்’ என்றார்கள்; பன்னிரண்டில் விரை என்று பொருள். அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி அங்கே சென்று ஆராய்ந்து 1974இல் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வலிய டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் ஒரு நொதி இவர்களுக்குக் குறைவு. கருவில் வெளிப்புற ஆணுறுப்பை உருவாக்கும் வேலை அந்த வலிய வடிவத்துடையது. உள்ளே இருக்கும் உல்ஃப் குழாய்க்கு டெஸ்டோஸ்டிரோனே போதும். ஆகவே உள்ளே ஆண் அமைப்பு, வெளியே பெண் தோற்றம். பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாக வந்தபோது வெளித்தோற்றமும் மாறியது.

இவர்களுக்கு புராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை. இதைக் கவனித்த மருந்து ஆராய்ச்சியாளர்கள் அதே நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையை உருவாக்கினார்கள். இன்று முதியவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் உலகெங்கும் விழுங்கப்படும் அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு சிற்றூரின் குழந்தைகள் இருக்கிறார்கள்.

1979இல் அதே ஆய்வாளர்கள் அவர்களுடைய வாழ்க்கையையும் பதிவுசெய்தார்கள். ஐயத்துக்கு இடமின்றிப் பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் பருவத்துக்குப் பிறகு தங்களை ஆணாக உணர்ந்தார்கள். 16 பேர் ஆணாகவே வாழத் தொடங்கினார்கள். வளர்ப்பு மட்டுமே ஒருவரை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கிவிடும் என்ற கருத்தை இது அசைத்தது. ஆனால் இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அந்த ஊருக்கு இப்படி நடக்கும் என்று தெரியும். அதற்கென ஒரு பெயரே இருந்தது. மாறியவரை ஏற்க ஊர் அணியமாக இருந்தது. இயக்குநீரும் ஊரும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை அது.

வீணை செய்வதும் வாசிப்பதும்

காயடிக்கும் வயது ஏன் முக்கியம் என்ற கேள்வியை நாம் இன்னும் அவிழ்க்கவில்லை. 1959இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபீனிக்ஸும் உடன் ஆய்வாளர்களும் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பின்னும் பெண்ணுக்குரிய இணைசேர் நடத்தையைச் சரிவரக் காட்டவில்லை; ஆணுக்குரிய நடத்தையை மிகுதியாகக் காட்டின. வளர்ந்த பெண் கினிப் பன்றிக்கு அதே மருந்தைக் கொடுத்தால் இப்படி நிலையான மாற்றம் வருவதில்லை.

தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிறார்கள். குடத்தின் வடிவம், தண்டியின் நீளம், மேளத்தில் மெட்டு நிற்கும் இடம் எல்லாம் அப்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு எத்தனையோ விரல்கள் அதை மீட்டலாம். ஒவ்வொரு முறையும் வேறு இசை வரும், கை எடுத்தால் ஓசை அடங்கும். கருவிலும் பிறந்த சில மாதங்களிலும் இயக்குநீர் செய்வது வீணை செய்யும் வேலை. அதை ‘அமைக்கும் விளைவு’ எனலாம். பருவத்திலும் அதன் பிறகும் செய்வது மீட்டும் வேலை, ‘தூண்டும் விளைவு’. பருவ வயதிலும் கொஞ்சம் தச்சு வேலை நடக்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

மனிதருக்கும் இது பொருந்துமா? பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்றொரு நிலை உண்டு. அட்ரீனல் சுரப்பியில் கார்டிசாலைச் செய்யும் ஒரு நொதி பழுதாகிவிடுகிறது. ஒரு மடை அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்வதுபோல், மூலப்பொருள் எல்லாம் ஆண்ட்ரோஜென் பக்கம் திரும்புகிறது. பிறந்த பிறகு கார்டிசாலுக்கு ஈடான மருந்து கொடுத்தால் ஆண்ட்ரோஜென் தணிந்துவிடும். ஆக, இந்தப் பெண் குழந்தைகள் மிகுந்த ஆண்ட்ரோஜெனைச் சந்தித்தது பெரும்பாலும் கருவறையில் மட்டும்.

1992இல் ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் இக்குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து எழுதினார்கள். பொம்மைக் காரையும் கட்டுமானப் பொருள்களையும் இவர்கள் தங்கள் உறவுக்காரச் சிறுமிகளைவிட அதிக நேரம் எடுத்து விளையாடினார்கள். பெற்றோர் இவர்களை ஆண்பிள்ளைபோல் நடத்தியதால் இப்படி ஆயிற்றோ? அதையும் பின்னர் ஆராய்ந்தார்கள். பெற்றோர் இந்தப் பெண்களிடம் பெண்பிள்ளை விளையாட்டுகளையே கூடுதலாக ஊக்கப்படுத்தியிருந்தார்கள். ஆகவே கருவறைக் காலத்தின் தடம் விருப்பங்களில் கொஞ்சம் பதிகிறது என்றே கொள்ள வேண்டும்.

கொஞ்சம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இவர்களில் பெரும்பாலோர் பெண்ணாகவே தங்களை உணர்கிறார்கள். விளையாட்டில் காணும் வேறுபாடும் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. பொம்மைக் காரை விரும்பும் ஒரு சிறுமியைப் பார்த்து அவளுடைய ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

மடியில் குழந்தை, ரத்தத்தில் மாற்றம்

வளர்ந்தவர்களின் நடத்தைக்கு வந்தால், டெஸ்டோஸ்டிரோன் என்றாலே முரட்டுத்தனம் என்ற எண்ணம் வேரோடியிருக்கிறது. சூரிச்சில் எர்ன்ஸ்ட் ஃபேர், கிறிஸ்டோஃப் ஐசெனெகர் குழுவினர் 120க்கும் மேற்பட்ட பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனையோ போலி மருந்தையோ கொடுத்துப் பணம் பங்கிடும் ஓர் ஆட்டம் ஆடவைத்தார்கள். பங்கு குறைவு என்று எதிராளி மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று ஆடியவர்களுக்குத் தெரியாது. 2010இல் வெளியான முடிவு பலரைத் திகைக்கவைத்தது. டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்கள் நியாயமான பங்கையே அதிகம் கொடுத்தார்கள். தாங்கள் டெஸ்டோஸ்டிரோன் பெற்றதாக நம்பியவர்கள்தான், உண்மையில் பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைவாகக் கொடுத்தார்கள். அந்த இயக்குநீர் தூண்டுவது மதிப்பையும் நிலையையும் காத்துக்கொள்ளும் முனைப்பை. அதற்கு எது வழி என்பதை இடம்தான் சொல்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். முரட்டுத்தனத்தைக் கொண்டுவந்தது மருந்தைப் பற்றிய கட்டுக்கதை.

செய்தி எதிர்த்திசையிலும் ஓடுகிறது. பிலிப்பைன்ஸின் செபூ பகுதியில் லீ கெட்லரும் கிறிஸ்டோஃபர் குசாவாவும் 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோனை 2005இல் ஒருமுறையும் 2009இல் மறுமுறையும் அளந்தார்கள். தொடக்கத்தில் அது அதிகமாக இருந்தவர்களே இணை தேடித் தந்தையாகும் வாய்ப்பு அதிகம் பெற்றிருந்தார்கள். தந்தையான பிறகு அவர்களுக்குத்தான் அது வெகுவாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட தந்தையருக்கு அளவு இன்னும் குறைவு. குழந்தையைத் தூக்கிச் சுமந்து, குளிப்பாட்டி, தூங்கவைக்கும் ஆண்களின் ரத்தம் அந்த வேலைக்கு ஏற்ப இசைந்துகொள்கிறது. ஆணின் இயல்பு இப்படித்தான் என்று சொல்லிப் பிள்ளை வளர்ப்பிலிருந்து விலகி நிற்பவருக்கு அந்த இயல்பே பதில் சொல்கிறது.

அவசரம் எதற்கு?

தொழுவத்தில் தொடங்கிய கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். விரை திமிலிடம் பேசியது ரத்தத்தின் வழியே. திமிலின் செல்களுக்குக் கேட்கும் காது இருந்ததால் அது வளர்ந்தது. பேசிய வயதைப் பொறுத்து விளைவு நிலைத்தது. மனிதரில் இத்தனையும் நடக்கிறது. அதன்மேல் வீடும் ஊரும் நம்பிக்கையும் வந்து சேர்கின்றன. குரோமோசோம், சுரப்பி, நொதி, ஏற்பி, காலம், சூழல் என்று கண்ணிகள் பல. ஏதோ ஒரு கண்ணி வேறுவிதமாக அமைந்தால், பிறக்கும் குழந்தை ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களில் எளிதில் அடங்காது. தமிழில் இன்று ‘ஊடுபால்’ என்கிறோம். அது உடல் உருவாகும் வழிகளில் ஒன்று.

உலகின் பல நாடுகளில் இத்தகைய குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலேயே அறுவை மேசையில் கிடத்தி, ஏதேனும் ஒரு பாலுக்குப் பொருந்தும்படி வெட்டித் திருத்திவந்தார்கள். சாலினாஸ் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். பெண் என்று தோன்றிய அந்தக் குழந்தையைப் பெண்ணாகவே ‘சரிசெய்ய’ யாராவது கத்தியை எடுத்திருந்தால், பன்னிரண்டாம் வயதில் அவன் இழந்ததை எந்த மருத்துவராலும் திருப்பித் தந்திருக்க முடியாது. அந்த ஊரில் பொறுத்திருந்தார்கள். அவர்களிடம் அறிவியல் இல்லை, பொறுமை இருந்தது.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலுறுப்பை மாற்றும் அறுவையைச் செய்யக் கூடாது என்று அரசுக்கு அறிவுறுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றில் அத்தகைய அறுவைக்குத் தடை விதித்து தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் இதுவே. சேவலிலும் முயலிலும் கன்றிலும் கற்ற பாடம் சட்டமாகி ஒரு குழந்தையின் தொட்டிலுக்கு அருகே காவல் நிற்பதைப் பார்க்க எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பிறந்த குழந்தையின் உடலில் இன்னும் பல செய்திகள் வரவேண்டியிருக்கின்றன. பருவம் வரும், குரல் மாறும், அதன்பின் அந்தப் பிள்ளை வாய் திறந்து தான் யார் என்று சொல்லும். அதுவரை கேட்கக் காத்திருப்பது பெரியவர்களாகிய நம் வேலை.